மழையில் கரையாத, மே மாதத்தில் காயாத பள்ளித் தோட்டம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 60 பிள்ளைகள். 5 சென்ட் செம்மண் சரிவு இருக்கிறது. சத்துணவுக்குக் காய் வேண்டும், பிள்ளைகளுக்கும் பாடமாக வேண்டும். ஜூனில் விதைத்தால் மழை அடித்துப்போகிறது. மிஞ்சியது மே விடுமுறையில் காய்கிறது. என்ன நடலாம்?

பதில்: முதலில் ஒரு கணக்கு. இதையே பிள்ளைகளுக்கு முதல் பாடமாக வையுங்கள். இந்த வகுப்புகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 75 கிராம் காய்கறி என்பது மதிய உணவுத் திட்ட அளவு. 60 பேருக்கு நாலரை கிலோ. 20 வெண்டைச் செடிகள் உங்கள் மண்ணில் பருவம் முழுக்கத் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே வெண்டை பாடத்துக்கு. சமையலுக்கு முருங்கை இலை, கீரை, சேனை. ஒரு கிலோ முருங்கை இலையை உருவிப் பருப்பில் போட்டால் 60 தட்டிலும் தெரியும்.

மழையில் விதை போவதற்குக் காரணம் பாத்தியின் திசை. சரிவோடு கொத்தினால் நீர் வாய்க்காலாக ஓடும். சரிவுக்குக் குறுக்காக 3 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். இரு பக்கமும் நின்று பிள்ளைகள் கை எட்டும் அகலம் அது. ஓரங்களில் தேங்காய்க் கதம்பலை (உரித்த மட்டையை) நெருக்கமாகப் புதைத்தால் மண் சரியாது. இங்குள்ள செம்மண் பெரும்பாலும் புளிப்பு. மண் பரிசோதனையில் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே வந்தால் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் விவசாயச் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் கழித்தே பாத்திக்கு 15 கிலோ மக்கிய சாணி உரம் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உரத்திலுள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசைக்குள் 30 செ.மீ.க்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, 2 செ.மீ. ஆழம். அதற்கு முன் 20 விதைகளை ஈரத்துணியில் முளைகட்டிப் பாருங்கள். 14 முளைத்தால் 70 சதவீதம். 7ஆம் வகுப்புச் சதவீதப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நரம்பு மஞ்சளித்த செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் நோய், மருந்தால் தேறாது.

முளைக்கீரையை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்குக் கொடிப்பசலைத் தண்டு போதும், நட்டாலே பிடிக்கும்.

முருங்கைக்கு நீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு அடி மேடு கட்டி நடுங்கள். 75 செ.மீ. வளர்ந்ததும் நுனி கிள்ளினால் கிளைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் தண்டில் கம்பளிப்புழு கூட்டமாக அடையும், பட்டால் கடுமையாக அரிக்கும். விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளி நடுங்கள். புழுவைப் பெரியவர்கள் மட்டுமே சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

கை கழுவும் குழாயடியில் ஒரு மட்டி வாழை வைக்கலாம், அந்த நீர் வீணாகாது.

மே மாதத்துக்கு விடை சேனைதான். மாசியில் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழக் குழிகளை 90 செ.மீ. தள்ளித் தள்ளி எடுங்கள். அரை முதல் ஒரு கிலோத் துண்டை, முளைக்கண் கட்டாயம் இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி நடுங்கள். மேலே காய்ந்த ரப்பர் இலை கனமாக மூடாக்கு. கோடை மழையில் தானாக முளை கிளம்பும்; விடுமுறையில் யாரும் தண்ணீர் ஊற்ற வர வேண்டியதில்லை. காட்டுப்பன்றி வரும் ஊரானால் வேலி இல்லாமல் இறங்காதீர்கள்.

எட்டு, ஒன்பது மாதத்தில் தண்டு மஞ்சளித்துச் சாயும். டிசம்பர் விடுமுறைக்குள் தோண்டிவிடலாம். கஜேந்திரா ரகத்தில் அரிப்பு குறைவு. ஆனாலும் தோல் சீவுவது சமையலரின் வேலை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு. பிள்ளைகள் எடை போட்டு எழுதட்டும். நல்ல கிழங்குகள் இரண்டை விதைக்கென்று காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல் பரப்பி வையுங்கள். அடுத்த மாசிக்கு அவையே போதும்.