மருத்துவர் பதில்: அங்கே துப்பாக்கிச்சூடு, இங்கே எனக்கு நெஞ்சு இறுக்கம்

கேள்வி: வேலைக்காக நாடு விட்டு வந்து, குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன் நான். வயது 47. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் என் தாய்நாட்டில் ஊர்வலம் போன மக்கள்மீது படையினர் சுட்டார்கள், இணையத்தையும் துண்டித்துவிட்டார்கள். ஊர்வலத்துக்குப் போயிருந்த தம்பிக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்திகள் ஐந்து நாள்கள் ஒற்றை டிக்கோடு நின்றன. ஆறாம் நாள் அவனே கூப்பிட்டு, "நல்லா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதோடு பதற்றம் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. அங்கே விடியும் நேரம் இங்கே நள்ளிரவு என்பதால் இரண்டு மணிக்கு எழுந்து காணொளிகளைப் பார்க்கிறேன். ஒரு பையன் சாலையில் சரிந்து விழும் காட்சி, அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் வருகிறது. நெஞ்சு இறுகுகிறது, படபடக்கிறது. மாத்திரையைக்கூடச் சில நாள்கள் மறந்துவிட்டேன். என் ஒன்பது வயது மகள், "அப்பா யார் மேல கோபமா இருக்கார்?" என்று தாயிடம் கேட்கிறாள். அடிபட்டவர்கள் அங்கே கிடக்க, பத்திரமாக இருக்கும் எனக்கு என்ன நோய் வந்துவிட முடியும் என்று வெட்கமாகவும் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த அல்பிரசோலாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: உங்கள் நாட்டின் பெயரையும் மற்ற அடையாளங்களையும் தம்பியின் பாதுகாப்பு கருதி நீக்கியிருக்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட மாத்திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கவனிக்க வேண்டியது நெஞ்சு இறுக்கம். 47 வயது, இரத்த அழுத்தம், இடையில் விட்டுப்போன மாத்திரை, மூன்று வாரத் தூக்கமின்மை இவை அனைத்தும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது, "மனக்கவலைதான் காரணம்" என்று எந்த மருத்துவரும் கடிதத்தைப் படித்து முடிவு செய்யக் கூடாது. இந்த வாரத்துக்குள் நேரில் சென்று இரத்த அழுத்தம் பார்த்து, இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை வழக்கமான அளவில் இன்றே தொடருங்கள். விட்டுப்போனதற்கு ஈடாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். இறுக்கம் பத்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தாலோ, பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

திரையில் பார்ப்பது இதயத்தை என்ன செய்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மன் அணி ஆடிய நாள்களில் மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு போன்ற அவசர நிலைகள் சாதாரண நாள்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஆண்களிடம் அது மூன்று மடங்கையும் தாண்டியது. அதுவோ வெறும் விளையாட்டு. தோற்றால் யாரும் சாகப்போவதில்லை. இன்னொரு பக்கம், 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் குலுக்கியபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 ஆக இருந்த திடீர் இதய மரணங்கள் அன்று ஒரே நாளில் 24 ஆக உயர்ந்தன. அச்சமும் கொந்தளிப்பும் அட்ரினலினைப் பெருக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, ஏற்கெனவே அடைப்பு உள்ள இரத்தக் குழாயில் இறுதி அடியைக் கொடுக்கக்கூடும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "எனக்கு என்ன வந்துவிட முடியும்" என்ற வெட்கத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

இ.சி.ஜி. சரியாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்படியானால் நடப்பது என்ன? ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப் பகுதிக்குத் தூரம் தெரியாது. துப்பாக்கிச் சத்தமும் அலறலும், அதுவும் தாய்மொழியில், பழகிய தெருவின் பின்னணியில் கேட்கும்போது, அது உடலைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்திவிடுகிறது. அங்கே இருப்பவர் ஓடுகிறார், ஒளிகிறார், விழுந்தவரைத் தூக்குகிறார். ஆயத்தமான உடலுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. உங்களுக்கோ கட்டைவிரலால் திரையைத் தள்ளுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஐந்து நாள்கள் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மனம் தம்பியைப் பலவிதமாகச் சாகடித்துப் பார்த்திருக்கும். ஒரு நிமிடத் தொலைபேசிப் பேச்சு அந்தக் கற்பனைகளை அழித்துவிடாது. அவன் சீக்கிரமாக வைத்துவிட்டதே அடுத்த கவலைக்கு விதையாகியிருக்கும். எனவே நற்செய்தி வந்த பிறகும் பதற்றம் தணியாததில் வியப்பில்லை. அது மனநோயின் அறிகுறியும் ஆகாது.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, அமெரிக்க ஆய்வாளர்கள் 4,600க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தார்கள். வெடிப்புக்கு அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அது தொடர்பான செய்திகளிலும் படங்களிலும் மூழ்கியிருந்தவர்களிடம், அந்த இடத்திலேயே இருந்தவர்களைவிடக் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாகக் காணப்பட்டன. ஏற்கெனவே கலங்கியவர்கள்தானே அதிகம் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அதே குழுவினர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பது தெரிந்தது. அதிகம் பார்த்தவர்கள் அதிகம் கலங்கினார்கள். கலங்கியவர்கள், அடுத்த வன்முறை நிகழ்ந்தபோது முன்னிலும் அதிகமாகப் பார்த்தார்கள். இரண்டு மணிக்கு நீங்கள் எழுவது இந்தச் சுழலில்தான்.

"செய்தியே பார்க்காதீர்கள்" என்று நான் சொல்லமாட்டேன். சொந்த நாடு எரியும்போது அப்படி அறிவுரை கூறுவது எளிது. கேட்பவர் அதோடு மருத்துவரிடம் வருவதையே விட்டுவிடுவார். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. எந்த நகரில் ஊரடங்கு, யார் கைதானார்கள், தொலைபேசி இணைப்பு திரும்பியதா என்பவை உங்களுக்குத் தேவையான தகவல்கள். எழுத்து வடிவில் படித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பையன் விழுவதை நாற்பதாவது முறை பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரியவராது. ஆகவே நம்பகமான ஒன்றிரண்டு செய்தி நிறுவனங்களைத் தேர்ந்து, காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து படியுங்கள், படுக்கையில் வேண்டாம். கைப்பேசியில் காணொளி தானாக ஓடும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். உறவினர் குழுக்களையும் ஊர்க்காரர் குழுக்களையும் ஒலியின்றி வையுங்கள். அங்கே வருவதில் பழைய காட்சிகளும், வேறு நாட்டுக் காட்சிகளும், ஒரே காட்சியின் பத்துப் பிரதிகளும் கலந்திருக்கும்.

"தம்பி இரவில் கூப்பிட்டால்?" என்பதே இதற்கு உடனே எழும் மறுப்பு. நியாயந்தான்; அதற்கு வழி இருக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் "தொந்தரவு செய்யாதே" நிலையை வைத்துவிட்டு, குறிப்பிட்ட எண்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி செய்யலாம். தம்பியின் எண்ணையும் வீட்டில் இன்னொருவர் எண்ணையும் அதில் சேர்த்து, ஒலியை உயர்த்தி, கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். அவன் கூப்பிட்டால் மணி அடிக்கும். அடிக்காதவரை நீங்கள் விழித்திருப்பதால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாம் கண் அயர்ந்தால் அங்கே ஏதோ ஆகிவிடும் என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அதன் பிடி சற்றுத் தளரும்.

கண்முன் வரும் அந்தக் காட்சிக்கு வருவோம். அதிர்ச்சி நினைவுகள் பெரும்பாலும் படமாகவே திரும்பி வருகின்றன என்பதால், மூளையின் படப் பகுதிக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கொடூரக் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தவர்களில், அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் என்ற, விழும் கட்டங்களை அடுக்கும் கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்கு அடுத்த வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே திரும்பி வந்தன. உங்கள் நினைவு மூன்று வாரம் பழையது; அந்த அளவுக்குப் பலனை நான் உறுதிகூற முடியாது. ஆனாலும் காட்சி எழும் நேரத்தில் அதை விரட்டப் போராடாமல், கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில், வரைவதிலோ அடுக்குவதிலோ, சில நிமிடங்கள் ஈடுபடுவதில் இழப்பில்லை. படபடப்பு ஏறும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிவதற்கு, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு உதவுகிறது. ஐந்து நிமிடம் போதும்.

அல்பிரசோலாம் வேண்டாம். நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், தூக்கமின்மைக்காகக்கூடப் பெரியவர்களுக்கு இவ்வகை மருந்துகளைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடிய மருந்து இது. நிறுத்தும்போது பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும். மதுவும் அப்படித்தான்: உறங்க வைப்பதுபோல் தோன்றி, பின்னிரவில் எழுப்பிவிடும். தூக்கத்துக்கு, காலையில் எழும் நேரத்தை மட்டும் கறாராக வைத்துக்கொண்டு, நண்பகலுக்குப் பின் காப்பியைத் தவிர்த்து, பகலில் வேர்க்க வேர்க்க நடந்து பாருங்கள். ஓடத் தயாராக நின்ற உடலுக்கு நடை ஒரு வடிகால்.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடிபட்டவரோடு ஒப்பிட்டால் உங்கள் துன்பம் சிறிதுதான். ஆனால் சிறிது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் குற்ற உணர்வு உள்ளவர்கள் மூன்று வாரம் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், தங்களையே தண்டித்துக்கொள்வதை நான் அடிக்கடி காண்கிறேன். அந்தத் தண்டனையால் அங்கே ஒருவருக்கும் பயனில்லை. உங்களால் இயன்ற ஒன்றை அளவோடு செய்யுங்கள்: காயமடைந்தவர்களின் சிகிச்சைக்குச் சட்டப்படி பணம் அனுப்பலாம், நீங்கள் வாழும் நாட்டின் மக்கள் பிரதிநிதிக்கு எழுதலாம், இங்கே அனுமதியோடு நடக்கும் கூட்டத்தில் நிற்கலாம். உங்கள் நாட்டவர் நான்கு பேரோடு நேரில் உட்கார்ந்து பேசுவது, நானூறு பேர் கொண்ட குழுவில் நள்ளிரவில் படிப்பதைவிட நல்ல மருந்து. ஆர்ப்பாட்டக்காரர்களின் முகம் தெரியும் படங்களைப் பகிராதீர்கள். அவை யார் கையில் சேரும் என்று சொல்ல முடியாது.

தம்பி மீண்டும் அழைக்கும்போது, "என்ன நடந்தது, முழுதாகச் சொல்" என்று கேட்காதீர்கள். உரையாடல் ஒட்டுக்கேட்கப்படலாம் என்பதால்தான் அவன் சீக்கிரம் வைத்திருக்கலாம். அது இல்லாவிட்டாலும், நடந்ததை உடனே விவரிக்கும்படி தூண்டுவது பாதிக்கப்பட்டவருக்கு நன்மை தருவதில்லை என்பது இன்று மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கருத்து. மருந்து இருக்கிறதா, யாரோடு தங்கியிருக்கிறான், அடுத்து எப்போது பேசலாம் என்று கேளுங்கள். அவனாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். அடுத்த அழைப்புக்கு நாள் குறித்துக்கொண்டால் இருவருக்கும் காத்திருப்பின் பாரம் குறையும்.

மகளிடம் நீங்களே பேசிவிடுங்கள். சித்தப்பா இருக்கும் நாட்டில் சிலர் மக்களைக் காயப்படுத்துகிறார்கள், அதனால் அப்பாவுக்கு வருத்தம், உன்மேல் கோபம் இல்லை, சித்தப்பா பேசினார், நாம் இங்கே பத்திரமாக இருக்கிறோம் என்ற அளவு ஒன்பது வயதுக்குப் போதும். காணொளி அவள் கண்ணில் படக் கூடாது.

அறிகுறிகள் ஒரு மாதத்தைக் கடந்தும் குறையாமல் நின்றால், அல்லது வேலை செய்யவே முடியாமல் போனால், மது கூடினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மாதக் கணக்கு பார்க்காமல் அன்றே அவசர உதவியை நாடுங்கள். திரையில் மட்டும் பார்த்ததை, அது பணியின் பகுதியாக இருந்தாலன்றி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்குக் காரணமாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறை ஏற்பதில்லை. நெருங்கிய உறவினரோ நண்பரோ வன்முறைக்கு ஆளானதை அறிய நேர்வதை ஏற்கிறது. பெயர் எதுவானாலும் சிகிச்சை உண்டு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளின் உதவியோடு அதிர்ச்சி நினைவின் தாக்கத்தைக் குறைக்கும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை, தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற, பழக்கமாகாத மருந்துகள். சிகிச்சையாளருக்கு உங்கள் மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். மனைவியையோ மகளையோ அந்த வேலைக்கு அமர்த்தாதீர்கள். மொழிபெயர்ப்பவரும் உங்கள் நாட்டவராக இருந்து, அவர் எந்தப் பக்கத்தவரோ என்ற தயக்கம் உங்களுக்கு வந்தால், வேறு நகரிலிருந்து தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பவர் கிடைப்பாரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.