நிறம் போனால் நீர் சுத்தமாகிவிடுமா? சாயக்கழிவுநீரும் ஒளிவினையூக்கிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெண்மையான ஒரு தூளைச் சாயத்தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

பதில்: அந்தத் தூள் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடாக இருக்கும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதும் இதுதான். ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் இத்தகைய பொருளே ஒளிவினையூக்கி. இதன் மீது புற ஊதா ஒளி படும்போது, உள்ளே ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்ப, அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடம் அருகிலுள்ள நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பை உண்டாக்குகிறது. எழும்பிய எலக்ட்ரானோ நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. ஹைட்ராக்சில் கண நேரமே உயிரோடு இருந்தாலும், எதிர்ப்படும் கரிமப் பொருளை விடாமல் தாக்கும். பல சாயங்களுக்கு நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு அறுந்தவுடன் நிறம் மறைகிறது. 1972இல் ஜப்பானைச் சேர்ந்த புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டிய ஆய்வுதான் இத்துறைக்கு உலகெங்கும் ஆர்வத்தைக் கிளப்பியது.

கேள்வி: நமக்குத்தான் வெயிலுக்குப் பஞ்சமில்லையே. திருப்பூர் சாயப்பட்டறைகளில் இதை ஏன் பரவலாகக் காணவில்லை?

பதில்: வெயில் நிறைய இருந்தாலும் இந்தத் தூளுக்குப் பயன்படும் வெயில் குறைவு. அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளியில்தான் வேலை செய்யும். தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம். அதோடு, அடர்ந்த சாயத்தண்ணீர் ஒளியைத் தானே விழுங்கிவிடுவதால், மேற்பரப்பை விட்டுச் சற்று கீழே இருக்கும் தூள் இருட்டில்தான் கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் கார்பன் நைட்ரைடு போன்ற பொருள்கள் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் வேலை முடிந்தபின் மாவுபோல் நுண்மையான அந்தத் தூளை நீரிலிருந்து வடித்தெடுக்கும் சிக்கல் அவற்றுக்கும் உண்டு. தூளைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ படியவைத்தால் வடிக்கும் வேலை மிச்சம். ஆனால் வினையின் வேகம் குறைந்துவிடும்.

கேள்வி: நான் வேதியியல் முதுகலை மாணவி. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டேன். இதே வினையூக்கி சாயப்பட்டறைக் கழிவுக்கும் பொருந்தும் என்று என் ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில், அதே கலவையைக் கறுப்புத் துணியால் மூடி அரை மணி நேரம் கலக்கிப் பாருங்கள். பலமுறை நான் கண்டிருக்கிறேன்: மேலே நீர் தெளிந்திருக்கும், அடியில் படிந்த வெள்ளைத் தூளோ நீலமாகியிருக்கும். அங்கே சாயம் சிதையவில்லை, தூளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒளிக்கு அதில் பங்கே இல்லை.

அடுத்தது இதைவிட முக்கியமானது. மெத்திலீன் நீலம் நேர்மின் கொண்ட சாயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை. சோடா சேர்ந்த கார நீரில் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பும் எதிர்மின்னாக மாறிவிடுவதால், மெத்திலீன் நீலத்தை அருகே இழுக்கும் அதே தூள் ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளிவிடும். போதாக்குறைக்குக் கழிவிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்சிலைச் சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த வேகம் பட்டறை நீரில் கிடைக்காமல் போவதற்கு இவையே காரணம். நிறமானியின் அளவோடு நிறுத்தாமல் மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்து எழுதுங்கள், ஏனெனில் நிறம் போன பிறகும் சாயத்தின் உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கக்கூடும், அவற்றில் சில நச்சுத்தன்மை உடையவை. சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) மட்டும் போதுமா என்றால், உப்பு மிகுந்த நீரில் குளோரைடே அந்த அளவை உயர்த்திக் காட்டும் என்பதால் அதற்குரிய திருத்தம் தேவை.

கேள்வி: நொய்யல் ஓரம் விவசாயம் செய்கிறேன். எங்கள் கிணற்று நீரில் நிறமே இல்லை, ஆனால் உவர்ப்பு. மஞ்சள் பயிர் கருகுகிறது. இந்த முறை எங்களுக்கு உதவுமா ஐயா?

பதில்: உதவாது. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது ஒரு லிட்டர் நீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறார்கள். அதில் துணியோடு போவது எதுவுமில்லை, அத்தனையும் கழிவில் வந்து சேர்கிறது. எந்த ஒளிவினையூக்கியாலும் உப்பைச் சிதைக்க முடியாது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதை நீங்கள் கண்ணால் கண்டவர். விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கும், கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதி இறுகியதற்கும் இந்த உப்பே பெரிய காரணம். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும் அதன் பின்னே ஆவியாக்கியும்தான் வழி.

கேள்வி: அப்படியானால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எங்கேதான் இடம்?

பதில்: நுண்ணுயிர்த் தொட்டிக்குப் பின்னால், ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் என்று நான் சொல்வேன். நுண்ணுயிரிகளால் செரிக்க முடியாமல் எஞ்சி நிற்கும் சாயத்தின் அளவு அங்கே குறைவு, நீரும் ஓரளவு தெளிந்திருப்பதால் ஒளி உள்ளே செல்லும். சவ்வில் படியும் கரிமப் பொருளைக் குறைத்தால் சவ்வின் ஆயுள் கூடும். இதைத் தெருக்கோடிப் பட்டறையில் தனியாகச் செய்வதைவிட, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், அன்றாடம் வரும் உண்மையான கழிவைக் கொண்டு, மழைக்காலம் உட்பட ஓராண்டாவது சோதித்துப் பார்த்த பிறகே முதலீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.