ஸ்பீக்கரில் இசை வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா?

போனிலிருந்து வயர் வழியாகப் பாட்டு வைத்தால் தாளமும் வயலினும் கேட்கின்றன, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பாட்டுகள் அறவே கேட்பதில்லை என்றும் சொல்கிறீர்கள். இந்த இரண்டாவது தகவல்தான் முக்கியமானது. தயவுசெய்து புது ஸ்பீக்கருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இதே தொல்லை வந்தது. மாலை ஆறு மணிக்கு அப்பாவுக்குப் பழைய பாட்டு கேட்டாக வேண்டும். ஒரு நாள், "பெட்டிக்கு வாயடைத்துவிட்டது, வந்து பார்" என்று கூப்பிட்டார். சத்தத்தை முழுதாக ஏற்றியும் 1960களின் பாட்டு ஈ முரலுவது போலத்தான் கேட்டது. என் மகள் புதுப் பாட்டு ஒன்றை வைத்தாள். இசை கணீரென்று வந்தது, பாடகியைக் காணோம்; அவர் குரலின் எதிரொலி மட்டும் இருந்தது. செய்தி வைத்தோம், வாசிப்பவர் ஊமையாகிவிட்டார். பழுது பார்க்கும் கடையில் உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

போர்டு கெட்டால் எல்லாச் சத்தமும் கெட வேண்டும். குரலை மட்டும் தேர்ந்தெடுத்து அது எப்படி விழுங்கும்? அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது.

காரணம் வயரின் முனையில் இருக்கும், போனில் செருகும் பின்னில் இருந்தது. 3.5 மில்லிமீட்டர் பின்னின் நுனி இடப்பக்க ஒலிக்கு, நடு வளையம் வலப்பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அது அறுந்துவிட்டால் மின்சாரம் திரும்ப முடியாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடப் பார்க்கும். சம பலமுள்ள இருவர் கயிறு இழுத்தால் கயிறு நகராது அல்லவா? அதுபோல இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும். வித்தியாசமாக இருப்பது மட்டுமே காதுக்கு வரும். பாடகரின் குரலை வழக்கமாக நடுவில், அதாவது இரு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள். அதனால் அது மறைகிறது. எதிரொலி இரு பக்கமும் வேறுபடுவதால் தங்கிவிடுகிறது. அப்பாவின் பாட்டுகளோ மோனோ. இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் முழுப் பாட்டுமே போய்விட்டது.

பின்னின் கழுத்தருகே வயரை லேசாக வளைத்தேன். சட்டென்று செய்தி வாசிப்பவர் பேச ஆரம்பித்தார். விட்டேன், நின்றுவிட்டார். பிறகு அந்த ரப்பரை பிளேடால் கீறிப் பார்த்தேன்: சிவப்பு, வெள்ளை வயர்கள் நன்றாக இருந்தன, மேலுறை இல்லாத செம்பு இழை மட்டும் பச்சை பூத்து அற்றுப் போயிருந்தது. புது வயர் அறுபது ரூபாய். அன்று அப்பா சாப்பாட்டையும் மறந்து பத்து மணி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் ஸ்பீக்கரில் புளூடூத் இருந்தால் முதலில் அதில் அதே பாட்டைப் போடுங்கள். குரல் வந்துவிட்டால் குற்றம் வயரிலோ அதைச் செருகும் துளையிலோதான். அடுத்து, போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு அடியில் அடைந்து வயரின் பின் முழுதாக இறங்காவிட்டாலும் இதே கோளாறு வரும். போனை அணைத்துவிட்டு ஈர்க்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும்.

பிறகு பின்னில் இருக்கும் கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். மூன்று கோடு இருந்தால் அது மைக்குக்கும் சேர்த்துச் செய்தது. சில ஸ்பீக்கர்களில் கிரவுண்டு தொட வேண்டிய தகடு மைக் பகுதியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கடையில் இரண்டு கோடு உள்ள வயராகக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் இடத்திலேயே ஒரு பழைய பாட்டைப் போட்டுப் பாருங்கள். புதுப் பாட்டில் இந்தக் குறை சட்டென்று பிடிபடாது.