காசிமேட்டு நண்பருக்கு: தவணையை நிறுத்தாதீர்கள்

மீன் ஏற்றும் வண்டிக் கடனில் இரண்டு தவணை தவறியதும் வசூல்காரர் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார், பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். "பெருமுதலாளிக்குத் தள்ளுபடி, எனக்கு மிரட்டலா? இனிக் கட்டமாட்டேன்" என்ற கோபம் நியாயமானதுதான். வாராக்கடனில் தள்ளாடிய பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த 2017 அக்டோபரில் அரசு அறிவித்த திட்டம் 2.11 லட்சம் கோடி ரூபாய். எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தது என்பதை மறைத்த தேர்தல் பத்திரம் ரத்தாக 2024 பிப்ரவரி வரை ஆனது. நமக்கோ இரண்டு தவணைக்கே ஊர் கூடிவிடுகிறது!

ஆனால் நீங்கள் நிறுத்தினால் அடி அந்தப் பெருமுதலாளிகள்மேல் விழாது. தவணை பாக்கி 90 நாள் தாண்டினால் உங்கள் கணக்கும் வாராக்கடன். பிழைப்புக்கான வண்டி போய்விடும். பெருமுதலாளிகளுக்குச் செய்யும் 'கணக்கு நீக்கம்' (வராத கடனை வங்கி தன் ஏட்டிலிருந்து எடுத்துவிடுவது) கூட விதிப்படி கடன் மன்னிப்பு அல்ல, வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. அதை எவ்வளவு முனைப்பாகச் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தவும் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்பு விவரங்களோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வண்டிக்குச் சரக்கே இருக்காது. அந்த இரண்டு மாதத் தவணையைக் கடைசிக்குத் தள்ளித் தரச் சொல்லுங்கள்.