யார் கட்சி?

ஐயா, வணக்கம். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். விவாகரத்துக்கு நிற்கும் கணவன் நாதர் பக்கம் நியாயமா, மனைவி சிமின் பக்கமா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரே வாக்குவாதம். எங்கள் மகள்கூட என் கட்சிதான். கடைசியில் அவர்களுடைய மகள் தெர்மே யாரோடு போயிருப்பாள்? மகளுக்காகவாவது அவர்கள் சேர்ந்து இருந்திருக்கலாம் இல்லையா? படம் ஈரான் அரசியலையும் பேசுகிறதா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரசியலைப் பிறகு பார்ப்போம். சிமினுக்கு மகளோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும். மறதிநோய் வந்த அப்பாவை விட்டு வர நாதருக்கு மனமில்லை. இரண்டுமே நியாயம்தான், அதோடு விடுங்கள்.

'மகளுக்காகவாவது' என்கிறீர்களே, கொஞ்ச நாளாக எனக்கும் இதே நினைப்புதான். என் பெற்றோர் மாதக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "வேண்டாம்னு சொல்லு." நான் திரும்பி, "அப்புறமா சாப்பிடறாராம்மா" என்பேன். பொய் அப்படித்தான் பழகியது. பிரியாமல் இருந்தார்கள், எனக்காகத்தான். அதை எனக்கு அடிக்கடி சொல்லியும் காட்டினார்கள்.

அதனால்தான் தெர்மேயின் பொய் எனக்கு உறைத்தது. சிமின் வீட்டைவிட்டுப் போனபின் கிழவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்தவள் ரஸியே. நாதர் தள்ளிவிட்டதில் அவள் கரு கலைந்தது என்று வழக்கு வருகிறது. அவள் கர்ப்பிணி என்பது நாதருக்குத் தெரியும். தெரியாது என்று சாதிக்கிறான். மகளிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறான். அதோடு விட்டானா? நீ சொன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பள்ளிக்கூடம் போகிற பெண் தலையில் கட்டுகிறான். பார்வைக்கு நேர்மை, எனக்கு அது அயோக்கியத்தனம். அவள் நீதிபதியிடம் பொய் சொல்லி அப்பாவைக் காப்பாற்றுகிறாள், அப்புறம் காரில் அழுகிறாள். (அந்தப் பெண் சரீனா, ஃபர்ஹாதியின் சொந்த மகள்.)

அவர்கள் பிரியாவிட்டால் ரஸியே அந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டாள் என்பீர்கள். சரி. ஆனால் ரஸியேயும் அவள் புருஷனும் சேர்ந்துதானே வாழ்கிறார்கள்? அந்நிய ஆணைத் தொடுவது பாவமோ என்று தயங்கியபடி, ஆடையை நனைத்துக்கொண்ட கிழவரை அவள் சுத்தம் செய்யப் போகும்போது, "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்று தானாகவே சொல்கிறாள் அவளுடைய குட்டி மகள் சொமையே. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்தக் குழந்தைக்கு? சேர்ந்து இருக்கிற வீடுதானே?

தெர்மேயின் பதிலைப் படம் சொல்லவில்லை. நல்ல வேளை. ஆனால் உங்கள் மகள் உங்கள் கட்சி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அடுக்களையில் அம்மாவிடம் அவள் என்ன சொன்னாளோ? தயவுசெய்து போய் விசாரித்துவிடாதீர்கள்.