புறா, பாசிமணி, பிரிவினை: சேர்வியல் கேள்வி பதில்

கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சேர்வியல், அதாவது எத்தனை வழி என்று எண்ணிப் பார்க்கும் காம்பினேட்டோரிக்ஸ், கணிதத்தின் மற்ற கிளைகளுக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்று கேளுங்கள் எனச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி தேர்வுக் கேள்விகள். பரவாயில்லை, தொடங்குவோம்.

பிளஸ் டூ மாணவர்: சார், ஒரு கணக்கைப் பார்த்ததும் வரிசைமாற்றமா சேர்மானமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பேரை இடம் மாற்றிப் பாருங்கள். புது விடை வந்தால் வரிசைமாற்றம், பழையதே வந்தால் சேர்மானம். ஐந்து பேரில் இருவரைக் கமிட்டிக்கு எடுக்க 10 வழி; தலைவர், செயலாளர் என்று எடுக்க 20 வழி. சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் சின்ன எண்ணுக்குக் கையால் முழுசாக எழுதிப் பாருங்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொறியியல் மாணவர்: புறாக்கூண்டுத் தத்துவம் குழந்தைக்கும் தெரியுமே. ஒன்பது புறா, எட்டுக் கூண்டு, ஒரு கூண்டிலாவது இரண்டு இருக்கும். இதில் என்ன கணிதம் இருக்கிறது?

எது புறா, எது கூண்டு என்று முடிவு செய்வதில் இருக்கிறது. வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணை எடுங்கள். 0, பை, 2 பை என்று 8 பை வரை ஒன்பது எண்கள். அவற்றின் தசமப் பகுதிகள்தான் புறாக்கள். 0 முதல் 1 வரையுள்ள தூரத்தை எட்டுச் சம துண்டாக வெட்டினால் கூண்டுகள் தயார். பையின் தசமப் பகுதி 0.1416, 8 பையின் தசமப் பகுதி 0.1327. இரண்டும் இரண்டாவது கூண்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 7 பை என்பது 22-க்கு மிகப் பக்கத்தில் இருப்பது தெரிகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த 22/7 இப்படியும் வரும். பைக்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும், எத்தனை கூண்டு வைத்தாலும் இதே வாதம் ஓடும். ஜெர்மன் கணிதர் டிரிக்லே செய்தது இதைத்தான். எண் கோட்பாட்டில் ஒரு முழுப் பிரிவே இதன் மேல் நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை. இரண்டு புறா ஒரே கூண்டில் இருக்கிறது என்றுதான் தத்துவம் சொல்லும். எந்தப் புறா என்று சொல்லாது.

வங்கி ஊழியர்: ஆறு பேர் கூடினால் ஒருவரை ஒருவர் அறிந்த மூவரோ, அறியாத மூவரோ இருந்தே தீருவார்கள் என்று படித்தேன். மூவருக்குப் பதில் ஐவர் என்றால் எத்தனை பேர் கூட வேண்டும்? சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே?

43 முதல் 46 வரை ஏதோ ஒன்று; எதுவென்று இன்னும் தெரியாது. 43 பேருக்கு 903 ஜோடி; ஒவ்வொரு ஜோடியும் அறிந்ததாகவோ அறியாததாகவோ இருக்கலாம் என்பதால் சோதிக்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை 272 இலக்க எண். கம்ப்யூட்டர் தாங்காது.

கணித ஆசிரியை: ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை இயற்கணிதம் இல்லாமல் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்ல முடியுமா?

p பகா எண் என்றால், எந்த முழு எண் a-க்கும் aᵖ - a என்பது p-ஆல் வகுபடும் என்பதுதானே தேற்றம்? பாசிமணி மாலை போதும். இரண்டு நிறம், ஐந்து மணி: கோர்க்க 32 வழி. ஒரே நிறமாக உள்ள இரண்டைத் தள்ளினால் 30. ஒவ்வொன்றையும் சுழற்றினால் ஐந்து வெவ்வேறு வரிசைகள் கிடைக்கும், ஆகவே 30 என்பது ஐந்து ஐந்தாகப் பிரிந்தே ஆக வேண்டும். நான்கு மணிக்குச் செய்யச் சொல்லுங்கள்: 16-இல் 2 போக 14, நான்கால் வகுபடாது. சிவப்பு-நீலம்-சிவப்பு-நீலம் இரண்டே சுழற்சியில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. 5 பகா எண் என்பதால் அங்கே அந்தச் சிக்கல் இல்லை. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்தால் நல்லது, நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு பிளஸ் டூ மாணவர்: வரிசைமாற்றத்துக்கும் சேர்மானத்துக்கும்...

முதல் பதில்.

ஆய்வு மாணவி: 4, 9, 14 என ஐந்தால் வகுத்தால் 4 மீதி வரும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை, அதாவது அந்த எண்ணை வரிசை பாராமல் கூட்டலாகப் பிரித்து எழுதும் வழிகளின் எண்ணிக்கை, எப்போதும் ஐந்தால் வகுபடும். ராமானுஜன் 1919-லேயே ஜெனரேட்டிங் ஃபங்ஷன் (எண்ணிக்கைகளை ஒரு தொடரின் கெழுக்களாக அடுக்கும் சார்பு) வைத்து நிரூபித்துவிட்டார். அதை மறுபடி எண்ணிப் பார்த்து நிரூபிக்க ஏன் இத்தனை பேர் மெனக்கெட்டார்கள்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஐந்தால் வகுபடும் என்றால் ஐந்து சம குவியலாகப் பிரிக்கலாம். எது எந்தக் குவியலுக்குப் போகும் என்பதற்கு ராமானுஜன் நிரூபணத்தில் விடை இல்லை. 1944-இல் ஃப்ரீமன் டைசன் கேம்பிரிட்ஜ் மாணவர் இதழ் ஒன்றில் ஒரு யோசனை எழுதினார்: பிரிவினையின் மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். நான்குக்குச் செய்வோம். 4-க்கு 3. 3+1-க்கு 1. 2+2-க்கு 0. 2+1+1-க்கு -1. 1+1+1+1-க்கு -3. ஐந்தால் வகுத்த மீதிகள் 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஆளுக்கொரு குவியல்! ஏழுக்கான ராமானுஜன் விதிக்கும் (ஏழால் வகுத்தால் 5 மீதி வரும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை ஏழால் வகுபடும்) இது பொருந்துகிறது. பதினொன்றுக்கான விதியில் (பதினொன்றால் வகுத்தால் 6 மீதி வரும் எண்களுக்குப் பதினொன்றால் வகுபடும்) உதைக்கிறது: ஆறின் பிரிவினைகளில் 4+1+1, 3+3 இரண்டுக்கும் 1. வேறொரு அளவு இருந்தாக வேண்டும் என்று டைசன் அதற்கு ‘கிராங்க்’ என்று பெயரும் சூட்டினார். பெயர் வைத்து 44 வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது: 1988, ஆண்ட்ரூஸ், கார்வன்.

அதே மாணவி: ஆனால் சார், 5-க்கும் 7-க்கும் குவியல்கள் எப்போதும் சமமாக வரும் என்ற டைசனின் ஊகத்தை 1954-இல் அட்கினும் ஸ்வின்னர்டன்-டயரும் நிரூபித்ததும் ஃபங்ஷன்களை வைத்துத்தானே? அப்படியானால் எண்ணுவது வெறும் அலங்காரம்.

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், சரியான அடி. இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். எதை நிரூபிக்க வேண்டும் என்பதே அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது. தவிர, 1990-இல் கார்வன், கிம், ஸ்டாண்டன் மூவரும் 5, 7, 11 மூன்றுக்கும் வேறு அளவுகளைக் கண்டுபிடித்து, ஒரு குவியலின் பிரிவினையை அடுத்த குவியலின் பிரிவினையாக மாற்றும் வழியையே எழுதிவிட்டார்கள். அதற்குப் பெயர் அலங்காரமா?

பொறியியல் மாணவர்: மற்ற கிளைகள் சேர்வியலுக்கு உதவியதே இல்லையா? ஒருவழிப் பாதையா?

இல்லை. 1978-இல் லோவாஸ், க்னேசரின் ஊகம் என்ற சேர்வியல் கணக்கை இடவியல் (டோபாலஜி) கொண்டு முடித்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

பெயர் சொல்லாதவர்: லாட்டரியில் எந்த எண்...

எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. அடுத்தவர்.

வங்கி ஊழியர்: அந்தக் கிராங்க்தான் என்ன? சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பிரிவினையில் 1 இல்லையென்றால் மிகப் பெரிய பகுதியே கிராங்க். இருந்தால், எத்தனை 1 என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைவிடப் பெரிய பகுதிகள் எத்தனையோ, அதிலிருந்து அந்த எண்ணிக்கையைக் கழியுங்கள். ஆறுக்கு 11 பிரிவினை. கிராங்க்கைப் பதினொன்றால் வகுத்த மீதிகளை யாராவது கையால் போடுங்கள்.

முதலில் கேட்ட பிளஸ் டூ மாணவர்: போட்டேன் சார். பத்துதான் வருகிறது. மீதிகளில் 1 மட்டும் காணோம்.

3+2+1-ஐ விட்டிருக்கிறீர்கள்.

அதே மாணவர்: ஆமாம் சார்! பார்க்காமலே எப்படி?