ஏறியது, இறங்கியது: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'தி கம்பெனி ரோஸ் தி ப்ரைஸ்' என்று எழுதினேன். மேலாளர் அதை 'ரெய்ஸ்ட்' என்று திருத்திவிட்டார். இரண்டுக்கும் உயர்வு என்றுதானே பொருள்?

பதில்: மேலாளர் சொன்னதே சரி. 'விலை உயர்ந்தது', 'விலையை உயர்த்தினார்கள்' என்று தமிழில் தன்வினை, பிறவினை பார்த்துப் பேசுகிறோம் அல்லவா? அதே வேறுபாடுதான் இங்கும். 'ரைஸ், ரோஸ், ரிஸன்' தானாக உயர்வது. 'ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்' ஒருவர் உயர்த்துவது. வினையிடம் 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் 'ரெய்ஸ்'.

உயர்வைவிடக் குறைவில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'ஃபால்', 'டிக்ளைன்' இரண்டும் தானாகக் குறைவதற்கு. 'ரெடியூஸ்', 'லோயர்', 'கட்' மூன்றும் குறைப்பதற்கு. காய்ச்சல் குறைந்தது என்பதற்கு 'தி ஃபீவர் ரெடியூஸ்ட்' என்று சொல்லாதீர்கள். 'தி ஃபீவர் கேம் டவுன்' என்பதே இயல்பு. விற்பனை சரிந்தால் 'சேல்ஸ் ஃபெல்'.

'இன்கிரீஸ்', 'டிகிரீஸ்' இரண்டு விதமாகவும் வரும். குழப்பமாக இருக்கும்போது இவற்றை எழுதினால் வினையில் பிழை வராது. ஆனால் பேசும்போது கவனம் வேண்டும்: பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையிலும், வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம். 'இன்கிரீஸ்' என்றாலே மேலே போவதுதான். பின்னால் ஓர் 'அப்' சேர்க்க வேண்டாம்.

கேள்வி: 'பை', 'டு', 'இன்', 'ஆஃப்' எங்கே எது வரும்?

பதில்: விற்பனை 200-இலிருந்து 250 ஆனது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கூடியது என்பதற்கு 'பை': 'சேல்ஸ் ரோஸ் பை 50'. எங்கே போய் நின்றது என்பதற்கு 'டு': 'சேல்ஸ் ரோஸ் டு 250'. இதை மாற்றிப் போட்டால் இலக்கணம் தவறாது, ஆனால் கணக்கே தவறிவிடும். 100 இருந்த ஒன்று 'ஃபெல் பை 20' என்றால் மீதி 80. 'ஃபெல் டு 20' என்றால் 20 மட்டுமே. இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள் என்பதால் படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

பெயர்ச்சொல்லாக எழுதினால் அளவுக்கு 'ஆஃப்', பொருளுக்கு 'இன்': 'எ ரைஸ் ஆஃப் 50 இன் சேல்ஸ்'. 'ரைஸ் ஆஃப் சேல்ஸ்' என்று எழுதுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் பிழை. உச்சத்தைத் தொட்ட எண்ணுக்கு 'அட்': 'சேல்ஸ் பீக்ட் அட் 300'.

கேள்வி: தேர்ச்சி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 50 ஆனது. 10 சதவீத உயர்வு என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 40-இல் 10 என்பது கால் பங்கு. ஆகவே அது '25 பெர்சென்ட்' உயர்வு. இரு சதவீதங்களின் வித்தியாசத்தைச் சொல்ல '10 பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுத வேண்டும். மடங்கிலும் இதே எச்சரிக்கை தேவை. 50 என்பது 150 ஆனால் 'ட்ரிபிள்ட்' என்று எழுதுங்கள். 'இன்கிரீஸ்ட் த்ரீ டைம்ஸ்' என்றால் மூன்று முறை உயர்ந்தது என்றும் படிக்கலாம். பாதியானால் 'ஹாவ்ட்'.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் வரைபடத்தை விவரிக்க 'சோர்', 'ஸ்கைராக்கெட்' (விர்ரென உயர்வது), 'ப்ளம்மெட்' (சடாரென விழுவது) போன்ற சொற்களை மனப்பாடம் செய்கிறேன். மதிப்பெண் கூடுமா?

பதில்: பொருந்தும் இடத்தில் மட்டும். அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள் வேண்டும். அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் 60, 63 ஆனதை 'சோர்ட்' என்று எழுதினால், தரவையே தவறாகச் சொன்னதாகிவிடும். அங்கே 'ரோஸ் ஸ்லைட்லி' போதும். 'ஸ்லைட்லி' அளவைச் சொல்கிறது, 'கிராஜுவலி' வேகத்தை. 'ஸ்டெடிலி' என்றால் இடையில் இறங்காமல் சீராகப் போவது. கோடு நடுவில் ஒருமுறை சரிந்திருந்தாலும் அந்தச் சொல் அங்கே நிற்காது. ஏறி இறங்கினால் 'ஃப்ளக்சுவேட்டட் பிட்வீன் 30 அண்ட் 45'. ஏறிவந்தது ஓர் இடத்தில் நின்றுவிட்டால் 'லெவல்ட் ஆஃப்'. தொடக்கம் முதல் அசையாமல் இருந்தால் 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்'.

அருஞ்சொல்லைத் தேடுவதைவிட எழுவாயைச் சரிபார்ப்பது அதிகம் உதவும். 'ஸ்டூடன்ட்ஸ் ரோஸ்' என்றால் மாணவர்கள் எழுந்து நின்றார்கள் என்று பொருள். கூடியது எண்ணிக்கை; ஆகவே 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ரோஸ்' என்று எழுதுங்கள்.